கோர்ட்டில் நடந்ததைப் பிராது கொடுத்தவருக்கு யார் சொல்வது?

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால், பத்திரிகையில் தினமும் ஒரு செய்தி வரும். பேரருவியில் தண்ணீர் எப்படி விழுகிறது? ஐந்தருவியில் எத்தனை கிளைகளில் கொட்டுகிறது? பழைய குற்றாலத்தில் கூட்டம் எப்படி? எல்லாம் வந்துவிடும். வெள்ளம் பெருகிக் குளிக்கத் தடை போட்டால், கொஞ்ச நேரத்தில் அது சென்னை வரை எட்டிவிடும். மூட்டை கட்டியவர்கள் பயணத்தைத் தள்ளிப் போடுவார்கள்.

அருவியைப் பற்றிய செய்தி இவ்வளவு வேகமாகப் போகிறது. அதே ஊரில் நடந்த ஒரு குற்றத்தைப் பற்றிய செய்தி?

திருச்சியில் இருந்து ஒரு குடும்பம் குற்றாலத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கூட்டத்தில் வீட்டுக்கார அம்மாளின் ஐந்து பவுன் சங்கிலி பறிபோகிறது. குற்றாலம் போலீஸ் நிலையத்தில் பிராது கொடுக்கிறார்கள். போலீசார் ஓர் ஆளைப் பிடிக்கிறார்கள். மறுநாள் பத்திரிகையில் படத்தோடு செய்தி வருகிறது. அதோடு சரி.

பிறகு என்ன ஆயிற்று?

குடும்பம் திருச்சிக்குத் திரும்பிவிட்டது. வழக்கு தென்காசி கோர்ட்டில் இருக்கிறது. பிடிபட்டவன் ஜெயிலில் இருக்கிறானா, வெளியே வந்துவிட்டானா? குற்றப்பத்திரிகை தாக்கல் ஆயிற்றா? மீட்கப்பட்ட சங்கிலி எப்போது கைக்கு வரும்? யாரைக் கேட்பது?

மற்ற ஊர்களில் பிராது கொடுத்தவர் அதே ஊர்க்காரராக இருப்பார். போலீஸ் நிலையத்துக்கு நாலு முறை நடப்பார். குமாஸ்தாவைப் பிடித்துக் கேட்பார். குற்றாலம் அப்படி அல்ல. அது வந்து போகிறவர்களின் ஊர். பறிகொடுத்தவரும் வெளியூர், பார்த்த சாட்சியும் வெளியூர். ஆகவே "யார் சொல்வது?" என்ற கேள்வி, தென்காசி வட்டாரத்தில் மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் கூர்மையாக எழுகிறது.

சங்கிலி விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கு முடியும் வரை அது கோர்ட்டிலேயே கிடக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. மனுப் போடலாம். கேட்கும்போது கொண்டுவந்து காட்டுகிறேன் என்று பத்திரம் எழுதிக் கொடுத்து, வாங்கிக்கொண்டு போகலாம். இப்படிப்பட்ட பொருள்களை அநாவசியமாக நீண்ட நாள் வைத்திருக்கக் கூடாது என்று 2002-ம் ஆண்டிலேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. ஆனால் இதை அந்த அம்மாளுக்கு யாராவது சொன்னால்தானே அவர் மனுப் போடுவார்!

யாருடைய வக்கீல்?

"சர்க்கார் வக்கீலைக் கேளுங்கள்" என்பார்கள். அவர் தம்முடைய வக்கீல் என்றுதான் பிராது கொடுத்தவர்களில் பலர் நினைக்கிறார்கள்.

அப்படி அல்ல. அவர் சர்க்காரின் வக்கீல். வழக்கின் தலைப்பைப் பார்த்தாலே தெரியும். ஒரு பக்கம் அரசு. மறுபக்கம் குற்றம் சாட்டப்பட்டவர். போலீஸ் பாஷையில் அவருக்கு "எதிரி" என்று பெயர். சங்கிலியைப் பறிகொடுத்த அம்மாளின் பெயர் தலைப்பில் இராது. அவர் ஒரு சாட்சி. அவ்வளவுதான்.

சர்க்கார் வக்கீல் போலீசின் வக்கீலும் அல்ல. துப்புத் துலக்குவது போலீஸ் வேலை. கிடைத்த சாட்சியத்தைக் கோர்ட்டின் முன் வைப்பது வக்கீல் வேலை. எப்படியாவது தண்டனை வாங்கிவிட வேண்டும் என்ற தாகம் அவருக்கு இருக்கக் கூடாது என்பது 1999-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு சொன்ன கருத்து. எதிரிக்குச் சாதகமான விஷயம் கிடைத்தால் அதையும் மறைக்காமல் கோர்ட்டின் முன் வைக்க வேண்டும்.

மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வாதாடுகிறவர் அரசு உதவி வழக்கறிஞர். இவரை "ஏ.பி.பி." என்பார்கள். பரீட்சை எழுதித் தேறி வேலைக்கு வந்த சர்க்கார் உத்தியோகஸ்தர் இவர். செஷன்ஸ் கோர்ட்டில் வாதாடுகிறவர் "பி.பி." என்னும் அரசு வழக்கறிஞர். தொழில் நடத்தும் வக்கீல்களில் இருந்து அரசாங்கம் இவரை நியமிக்கிறது. ஆட்சி மாறினால் இவரும் மாறுவது வழக்கமாகிவிட்டது.

இருவருக்கும் கோர்ட்டில் பேசுவதுதான் வேலை. கோர்ட்டுக்கு வெளியே ஜனங்களுக்கு எடுத்துச் சொல்வது யாருடைய வேலை? ஜில்லாவில் அரசாங்கம் பாலம் கட்டினால், பட்டா கொடுத்தால், அதை அறிவிக்கக் கலெக்டர் ஆபீசில் மக்கள் தொடர்பு அதிகாரி இருக்கிறார். கைது நடந்தால் போலீசார் நிருபர்களுக்குச் சொல்கிறார்கள். கைதுக்குப் பிறகு தீர்ப்பு வரை போகும் நீண்ட காலத்தைப் பற்றிப் பேசுவார் இல்லை.

செங்கோட்டையில் நடந்தது

இந்த வட்டாரத்துக்கு இது புதிய அனுபவம் அல்ல.

குற்றாலத்துக்குப் பக்கத்தில் செங்கோட்டை. அந்த ஊர்க்காரர் வாஞ்சிநாதன் 1911-ம் ஆண்டு ஜூன் மாதம் 17-ந் தேதி மணியாச்சி ரெயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டுக் கொன்றார். தம்மையும் சுட்டுக்கொண்டு இறந்தார். பிறகு 14 பேர் மீது சதி வழக்கு போட்டார்கள். விசாரணை நடந்த இடம் திருநெல்வேலி அல்ல. சென்னை ஐகோர்ட்டில், மூன்று நீதிபதிகளுக்கு முன்னால் நடந்தது. 1912-ல் தீர்ப்பு வந்தது. நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழு ஆண்டுத் தண்டனை.

செங்கோட்டை அப்போது சென்னை ராஜதானியிலேயே இல்லை. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1-ந் தேதிதான் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. தங்கள் ஊர்ப் பிள்ளைகள் மீது சென்னைக் கோர்ட்டில் என்ன சொல்லப்படுகிறது என்பதை, ஊரில் இருந்தவர்கள் கடிதத்திலும் பத்திரிகையிலும் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளைக்காரச் சர்க்காரின் வக்கீல் அவர்களுக்கு ஏன் சொல்லப் போகிறார்?

அது அந்நிய ஆட்சி. இன்று சர்க்கார் ஜனங்களுடையது. 2019 நவம்பர் 22-ந் தேதி தென்காசி தனி மாவட்டமும் ஆகிவிட்டது. திருநெல்வேலிக்கு அலைந்த பல காரியங்கள் இப்போது தென்காசியிலேயே நடக்கின்றன. ஆபீஸ்கள் பக்கத்தில் வந்துவிட்டன. வழக்கைப் பற்றிய செய்தி மட்டும் இன்னும் வீடு வந்து சேரவில்லை.

பொள்ளாச்சிப் பாடம்

அப்படியானால் சர்க்கார் தரப்பு தினமும் நிருபர்களைக் கூட்டிவைத்துப் பேச வேண்டுமா? வேண்டவே வேண்டாம்.

2019-ல் பொள்ளாச்சியில் பெண்களை ஏமாற்றிக் கொடுமை செய்த கும்பலைப் பற்றிய வழக்கு தமிழ்நாட்டையே உலுக்கியது. பிராது கொடுத்த பெண்ணின் பெயரை யாரும் வெளியிடக் கூடாது. அது சட்டம். ஆனால் போலீஸ் அதிகாரி ஒருவர் நிருபர்களிடம் பேசும்போது பெயரைச் சொல்லிவிட்டார். வழக்கைச் சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்து அரசாங்கம் போட்ட உத்தரவிலும் அந்தப் பெண்ணின் பெயர் இருந்தது. ஐகோர்ட்டின் மதுரைக் கிளை கடுமையாகக் கண்டித்தது. அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி அரசாங்கத்துக்கு உத்தரவிட்டது.

பணத்தைக் கொடுத்துப் பெயரைத் திரும்ப வாங்க முடியுமா? பாதிக்கப்பட்ட மற்றப் பெண்கள் அதைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்கள்? நாமும் போனால் நம் பெயரும் இப்படித்தான் ஊர் சுற்றும் என்றுதானே!

அப்படியும் அந்தப் பெண்கள் துணிந்தார்கள். 2025 மே 13-ந் தேதி கோவை மகளிர் கோர்ட்டு ஒன்பது பேருக்கும் சாகும் வரை ஆயுள் தண்டனை விதித்தது. பாதிக்கப்பட்ட எட்டுப் பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடு. அன்று சி.பி.ஐ. தரப்பு வக்கீல் கோர்ட்டு வாசலில் நிருபர்களிடம் பேசினார். தீர்ப்பைச் சொன்னார். சாட்சிகளில் ஒருவர்கூடப் பல்டி அடிக்கவில்லை என்பதைச் சொன்னார். யாருடைய பெயரும் வெளிவரவில்லை. கேட்டவர்களுக்கும் விஷயம் புரிந்தது. ஒரே வழக்கில், சொல்லக் கூடாத விதமும் சொல்ல வேண்டிய விதமும் இருக்கின்றன.

பொள்ளாச்சிக்குப் பிறகாவது பாடம் படித்தோமா? 2024 டிசம்பரில் சென்னை அண்ணா பல்கலைக்கழக மாணவி கொடுத்த பிராது வழக்கில், முதல் தகவல் அறிக்கையே அவருடைய விவரங்களோடு வெளியே பரவிவிட்டது. கம்ப்யூட்டரில் நேர்ந்த கோளாறு என்று விளக்கம் சொன்னார்கள். மறுபடியும் ஐகோர்ட்டு தலையிட்டது. மறுபடியும் 25 லட்சம் ரூபாய்! அந்த வழக்கில் 2025 ஜூன் 2-ந் தேதி எதிரிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. முப்பது ஆண்டுக்குக் குறையாமல் ஜெயிலில் இருக்க வேண்டும் என்பது தீர்ப்பு. வழக்கு சுமார் ஐந்து மாதத்தில் முடிந்தது பெரிய காரியம். பெயர் வெளியே போகச் சில நிமிடம்தான் ஆகியிருக்கும்.

பிரியாணிக் கதை

பெயரைச் சொல்வது ஒரு தவறு. இல்லாததைச் சொல்வது இன்னொரு தவறு.

மும்பையில் 2008 நவம்பர் 26-ந் தேதி நடந்த பயங்கரத்தில் உயிரோடு பிடிபட்டவன் கசாப். அவன் மீது நடந்த வழக்கில் அரசாங்கத்தின் விசேஷ வக்கீல் உஜ்வல் நிகம். தினமும் மாலையில் நிருபர்கள் அவரைச் சூழ்ந்துகொள்வார்கள். ஒரு நாள் அவர், கசாப் ஜெயிலில் ஆட்டுக்கறி பிரியாணி கேட்கிறான் என்றார். அவ்வளவுதான்! நாடு முழுவதும் கொதித்தது. நம் வரிப் பணத்தில் அவனுக்குப் பிரியாணியா என்று டீக்கடை தோறும் பேச்சு. அரசியல் மேடைகளிலும் அது ஏறியது.

கசாப்பை 2012 நவம்பர் 21-ந் தேதி தூக்கில் போட்டார்கள். 2015-ல் ஜெய்ப்பூரில் நடந்த ஒரு மாநாட்டில் நிகமே உண்மையைச் சொன்னார். கசாப் பிரியாணி கேட்கவே இல்லை. கொடுக்கவும் இல்லை. கோர்ட்டில் கசாப்பின் கண்ணில் நீர் வந்ததாக ஒரு பேச்சுக் கிளம்பியது. அவன் மேல் இரக்கம் உண்டாகிவிடாமல் தடுக்கத் தாமே கட்டிச் சொன்ன கதை அது என்றார்.

கசாப் மீது வலுவான சாட்சியம் இருந்தது. அந்தக் கதை இல்லாமலே வழக்கு நின்றிருக்கும். அப்படியிருக்க, கதை எதற்கு? எனக்கு இதில் வருத்தம் தருவது ஒன்று உண்டு. இனி வேறொரு வழக்கில் ஒரு சர்க்கார் வக்கீல் உண்மையையே சொன்னாலும், "இதுவும் பிரியாணிக் கதையோ?" என்று ஜனங்கள் கேட்க இடம் ஏற்பட்டுவிட்டது.

அமெரிக்காவில் இதே மாதிரிக் காரியத்துக்கு ஒரு சர்க்கார் வக்கீலின் தொழிலே போயிற்று. அங்கே ஜில்லா சர்க்கார் வக்கீலை ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது வழக்கம். 2006-ல் வடக்கு கரோலினாவில் டர்ஹாம் என்ற ஊரில் டியூக் பல்கலைக்கழக விளையாட்டு வீரர்கள் மூன்று பேர் மீது கற்பழிப்பு வழக்கு. சர்க்கார் வக்கீல் மைக் நைபாங் அப்போது தேர்தலில் நின்றுகொண்டிருந்தார். டெலிவிஷனிலும் பத்திரிகையிலும் ஓயாமல் பேசினார். மாணவர்களைக் கயவர்களாகச் சித்திரித்தார். அவர்களுக்குச் சாதகமான மரபணுப் பரிசோதனை முடிவை எதிர்த்தரப்புக்குக் கொடுக்காமல் வைத்துக்கொண்டார். 2007 ஏப்ரலில் அந்த மூவரும் நிரபராதிகள் என்று மாநில அட்டர்னி ஜெனரலே அறிவித்தார். ஜூன் மாதம் நைபாங்கின் வக்கீல் சன்னத்து பறிக்கப்பட்டது. ஒரு நாள் ஜெயிலிலும் இருந்தார். எதிரி மேல் ஜனங்களின் ஆத்திரத்தை மூட்டும்படி சர்க்கார் வக்கீல் வெளியே பேசக் கூடாது என்பது அமெரிக்க வக்கீல்கள் சங்கத்தின் மாதிரி விதிகளில் எழுதியிருக்கிறது.

பேசாவிட்டால் என்ன?

வம்பே வேண்டாம், வாயை மூடிக்கொண்டு இருப்போம் என்று சர்க்கார் தரப்பு இருந்துவிட்டால்?

அங்கேதான் வதந்தி புகுகிறது. ஓர் எதிரிக்கு ஜாமீன் கிடைக்கிறது. ஊரில் என்ன பேசுகிறார்கள்? "விட்டுவிட்டார்கள்!" செல்போனில் செய்தி பறக்கிறது. ஜாமீன் வேறு, விடுதலை வேறு. ஜாமீனில் வந்தவர் மீது வழக்கு அப்படியே இருக்கிறது. கூப்பிட்டபோது கோர்ட்டுக்கு வர வேண்டும். இதை நாலு வரியில் எடுத்துச் சொல்ல ஆள் இல்லாததால், பணம் விளையாடிவிட்டது என்று ஜனங்கள் தீர்மானித்துவிடுகிறார்கள்.

இன்னொன்று. "குற்றத்தை ஒப்புக்கொண்டான்" என்று கைதான மறுநாள் பத்திரிகையில் படிக்கிறோம். போலீசாரிடம் கொடுத்த ஒப்புதல் கோர்ட்டில் சாட்சியம் ஆகாது. பல ஆண்டு கழித்து அதே ஆள் விடுதலை ஆனால், ஒப்புக்கொண்டவனை எப்படி விட்டார்கள் என்று ஊர் மலைக்கிறது. இதில் பத்திரிகைகளுக்கும் பங்கு உண்டு. கைதுக்குக் கொடுக்கும் இடத்தில் கால்வாசிகூட விடுதலைக்குக் கொடுப்பதில்லை.

போலீசார் நிருபர்களிடம் என்ன சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதற்கு வழிமுறை வகுக்கும்படி 2023 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு மத்திய உள்துறை அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. அந்த உத்தரவு போலீசாரைப் பற்றியது. அதே மாதிரி ஒரு வழிமுறை சர்க்கார் வக்கீல் ஆபீசுக்கும் வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

சட்டம் கொடுத்திருக்கும் பிடி

2024 ஜூலை 1-ந் தேதி முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் அமலில் இருக்கின்றன. பிராது கொடுத்தவருக்கு அவற்றில் சில பிடிமானங்கள் உண்டு. தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

குற்றம் எந்த ஊரில் நடந்தாலும், எந்தப் போலீஸ் நிலையத்திலும் பிராது கொடுக்கலாம். குற்றாலத்தில் பறிகொடுத்தவர் அவசரமாக ஊர் திரும்பிவிட்டாலும், திருச்சியிலேயே கொடுக்கலாம். அது குற்றாலத்துக்கு அனுப்பப்படும். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் போலீசார் தெரிவிக்க வேண்டும். செல்போனில் தெரிவித்தாலும் போதும். வழக்கை வாபஸ் வாங்கச் சர்க்கார் நினைத்தால், பாதிக்கப்பட்டவரை ஒரு வார்த்தை கேட்காமல் கோர்ட்டு அனுமதிக்கக் கூடாது.

கவனியுங்கள். இதில் தெரிவிக்கும் கடமை போலீசுக்கு. அதுவும் விசாரணைக் கட்டத்தோடு சரி. குழந்தைகள் மீதான குற்றங்களிலும் பெற்றோருக்குத் தகவல் சொல்ல வேண்டியவர்கள் போலீசார்தான். வழக்கு கோர்ட்டுக்குள் நுழைந்த பிறகு, "உங்கள் வழக்கு இந்தத் தேதிக்கு இருக்கிறது, எதிரி ஜாமீன் கேட்கிறான்" என்று சர்க்கார் வக்கீல் தரப்பே சொல்ல வேண்டும் என்று தெளிவாக எழுதியிருக்கும் சட்டம் ஒன்று உண்டு. அது தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். 2016 ஜனவரி 26-ந் தேதி அமலுக்கு வந்த திருத்தத்தில், ஜாமீன் மனு உள்பட ஒவ்வொரு நடவடிக்கையையும் பாதிக்கப்பட்டவர் காலத்தோடு தெரிந்துகொள்ள உரிமை உண்டு, விசேஷ அரசு வழக்கறிஞரோ அரசாங்கமோ தெரிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. அப்படித் தெரிவிக்காமல் ஜாமீன் கொடுப்பது தவறு என்று 2021-ல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது.

ஒரு சட்டத்தில் முடிந்த காரியம் மற்ற வழக்குகளில் ஏன் முடியாது?

ஒரு மேஜை, ஒரு டெலிபோன்

இங்கிலாந்தில் 1986 முதல் சர்க்கார் வழக்குகளை நடத்தத் தனி இலாகா இருக்கிறது. நிருபர்களுக்குப் பதில் சொல்ல அதில் தனி ஆட்கள் உண்டு. கோர்ட்டில் காட்டப்பட்ட ஆவணங்களில் எதையெல்லாம் பத்திரிகைக்குக் கொடுக்கலாம் என்று 2005-ல் எழுதி வைத்துக்கொண்டார்கள். வழக்குப் போட வேண்டாம் என்று அந்த இலாகா முடிவு செய்தால், ஏன் என்று பாதிக்கப்பட்டவர் கேட்டு, மறுபரிசீலனை கோரவும் 2013 முதல் வழி இருக்கிறது.

நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு உடனே வேண்டாம். நமது புதிய சட்டத்தில், ஒவ்வொரு மாவட்டத்துக்கும் குற்ற வழக்குத் தொடர்வு இயக்ககம் அமைக்கலாம் என்று இடம் இருக்கிறது. அந்த ஆபீசில் ஒரு மேஜை, ஒரு டெலிபோன், சட்டமும் தெரிந்து நல்ல தமிழும் எழுதத் தெரிந்த ஓர் ஆள். இவ்வளவு போதும்.

அவருடைய முதல் வேலை நிருபர்களிடம் பேசுவது அல்ல. பிராது கொடுத்த வீட்டுக்குச் சொல்வதுதான் முதல் வேலை. குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகிவிட்டது. அடுத்த வாய்தா இந்தத் தேதி. ஜாமீன் கேட்டிருக்கிறார்கள், நாங்கள் ஆட்சேபித்திருக்கிறோம். சாட்சி சொல்ல நீங்கள் வர வேண்டும். பஸ் செலவு பற்றிக் கோர்ட்டில் கேளுங்கள். தீர்ப்பு இது, அப்பீலுக்கு இத்தனை நாள் இருக்கிறது. ஒவ்வொன்றும் இரண்டு வரி. பறிகொடுத்தவர் திருச்சியில் இருந்தால் என்ன, கொல்லத்தில் இருந்தால் என்ன? செல்போனுக்குத் தூரம் ஏது!

நிருபர்களுக்கு அதற்குப் பிறகு. திறந்த கோர்ட்டில் நடந்தது எதுவோ அது மட்டும். பெயர் மறைக்க வேண்டிய வழக்கில் பெயர் இல்லை, ஊர் இல்லை, படித்த கல்லூரி இல்லை. விடுதலை ஆனாலும் அதே மேஜையில் இருந்து அதே குரலில் சொல்ல வேண்டும். வெற்றியை மட்டும் அறிவிக்கும் ஆபீஸ் விளம்பர ஆபீஸ் ஆகிவிடும்.

ஆட்சேபம் சொல்லலாம். ஏ.பி.பி.க்கு ஒரே நாளில் எத்தனையோ வழக்குகள். கட்டைப் புரட்டவே நேரம் இல்லை. சாட்சி வராமல் வாய்தா போகிறது. இதில் செய்தி வேறு அனுப்புவதா என்பார்கள். வாஸ்தவம்தான். ஆனால் சாட்சி ஏன் வரவில்லை? பல சமயம், வழக்கு உயிரோடு இருப்பதே அவருக்குத் தெரியாது. மூன்று ஆண்டுக்குப் பிறகு திடீரென்று சம்மன் வந்தால் பயந்துபோகிறார். எதிரியின் முகமும் மறந்திருக்கும். சொல்லிக்கொண்டே இருந்தால் சாட்சி கையில் இருப்பார். இது வக்கீலுக்கும் லாபம்.

அந்த மேஜை வரும் வரை ஜனங்கள் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்கத்தில் ஓர் அடையாள எண் இருக்கிறது. இ-கோர்ட்ஸ் என்ற அரசாங்கச் செயலியில் அந்த எண்ணைக் கொடுத்தால், அடுத்த வாய்தாத் தேதி தெரியும். கட்டணம் இல்லை. எண் தெரியாவிட்டால் பெயரையோ முதல் தகவல் அறிக்கையின் எண்ணையோ கொடுத்தும் தேடலாம். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். இழப்பீட்டு மனுவுக்கும் அவர்கள்தான் வழி. போலீஸ் நிலையத்தில் நகல் வாங்கும்போதே, உங்கள் செல்போன் எண்ணும் விலாசமும் அதில் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டு, பிறகு ஊருக்குப் பஸ் ஏறுங்கள்.